எமிலியா பார்தோ பாஸானுக்குக் கிடைக்காத அகாடமி நாற்காலி: ஒரு நிகழ்வு ஆய்வு

## எதைப் பற்றிய ஆய்வு

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்பானிய நாவல் என்று பேச்செடுத்தால் பெனிதோ பெரெஸ் கால்தோஸ், 'க்ளாரின்' என்ற புனைபெயரில் எழுதிய லெயோபோல்தோ ஆலாஸ் ஆகியோருக்குப் பக்கத்தில் எமிலியா பார்தோ பாஸான் பெயர் கட்டாயம் வரும். நாவல்கள், 500-க்கும் மேற்பட்ட சிறுகதைகள், விமரிசனம், பயணக் கட்டுரை, கடைசிக் காலத்தில் சமையல் புத்தகம் என்று எழுதிக் குவித்தவர். உயிரோடு இருந்தவரை அவருக்குக் கிடைக்காமலே போன ஒன்று உண்டு: மத்ரித்தில் உள்ள ஸ்பானிய அரச அகாடமியில் ஓர் இடம். 1889, 1891, 1912 என மூன்று தடவை அந்தப் பேச்சு எழுந்தது. மூன்று தடவையும் கதவு திறக்கவில்லை.

அவருடைய வாழ்க்கை முழுவதையும் இங்கே சொல்லப் போவதில்லை. அந்த மூன்று தடவையும் என்ன நடந்தது, யார் என்ன முடிவெடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள், அதனால் என்ன ஆனது என்பதை வரிசையாகப் பார்க்கிறேன். அகாடமிக்குள் உட்கார்ந்து மறுத்தவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லவில்லை. பகிரங்கமாக எழுதி வாதாடியவர்களை மட்டும் பெயரோடு குறிப்பிடுகிறேன். தனி மனிதர்களின் குணத்தைவிட ஒரு நிறுவனத்தின் நடைமுறைதான் இதில் அதிகம் வேலை செய்தது என்பது என் கருத்து. ஒருவருடைய தகுதியைப் பற்றி வாயே திறக்காமல் ஒரு சபை அவரைத் திருப்பி அனுப்ப முடியும். அது எப்படி நடக்கிறது என்பதை இந்த விவகாரம் அடியிலிருந்து நுனிவரை காட்டுகிறது.

## பின்னணி: எழுத்தாளர்

எமிலியா 1851 செப்டம்பர் 16 அன்று ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், கலீசியாவின் துறைமுக நகரான ஆ கொருன்யாவில் பிறந்தார். ஒரே குழந்தை. வசதியான, பிரபுத்துவப் பின்னணி கொண்ட குடும்பம். அப்பா லிபரல் அரசியல்வாதி, நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். வீட்டில் நல்ல நூலகம் இருந்தது. அதை மகளுக்குத் திறந்து விட்டதுதான் அவர் செய்த பெரிய உதவி. அந்தக் காலத்தில் பெண்களுக்குப் பல்கலைக்கழகம் கிடையாது. எமிலியா கற்றதெல்லாம் பெரும்பாலும் தானாகப் படித்தே.

1868-இல், 16 வயதில், ஹோசே கிரோகா என்பவரோடு திருமணம். பின்னாளில் எழுதிய சுயசரிதைக் குறிப்புகளில் அந்த ஆண்டைப் பற்றி ஒரே மூச்சில் மூன்று விஷயம் சொல்கிறார்: பெரியவள் போல நீள உடை உடுத்தத் தொடங்கினேன், கல்யாணம் ஆனது, செப்டம்பர் புரட்சி வெடித்தது. அரசி இரண்டாம் இசபெல் நாட்டை விட்டு ஓட நேர்ந்த புரட்சி அது.

1876-இல் ஓரென்சே நகரில், பதினெட்டாம் நூற்றாண்டு அறிஞர் ஃபெய்ஹோ நினைவாக ஒரு கட்டுரைப் போட்டி நடந்தது. கொன்செப்சியோன் அரெனாலும் அதில் கலந்துகொண்டார். சிறைச் சீர்திருத்தத்தில் அப்போதே பெயர் பெற்றிருந்த மூத்த எழுத்தாளர் அவர். பரிசு 25 வயது எமிலியாவுக்குப் போனது. இந்த அரெனால் பின்னால் மறுபடி வருவார்.

முதல் நாவல் 1879-இல் வந்தது. ஆனால் அவரை நாடறியச் செய்தது 1882 கடைசியிலிருந்து 'லா எபோகா' என்ற மத்ரித் நாளிதழில் வந்த கட்டுரைத் தொடர். பிரெஞ்சு எழுத்தாளர் எமில் ஸோலாவின் இயற்கைவாதம் பற்றியது. அடித்தட்டு வாழ்க்கை, உடல், பரம்பரை, வறுமை எல்லாவற்றையும் மூடாமல் எழுதும் அந்தப் பாணி கத்தோலிக்க ஸ்பெயினுக்கு ஆபாசமாகத் தெரிந்தது. எமிலியா தீவிர கத்தோலிக்கர். பரம்பரையும் சூழலுமே மனிதனைத் தீர்மானிக்கின்றன என்ற ஸோலாவின் விதிவாதத்தை மறுத்தார், அவதானிக்கும் முறையை மட்டும் எடுத்துக்கொண்டார். ஆனாலும் புயல் அடித்தது. குடும்பஸ்திரீ ஒருத்தி இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டார்கள். எழுத்தை நிறுத்தச் சொல்லிக் கணவரிடமிருந்தே அழுத்தம் வந்தது. அவர் நிறுத்தவில்லை. இருவரும் பெரிய சச்சரவில்லாமல் பிரிந்து வாழத் தொடங்கினார்கள். மூன்று பிள்ளைகள் எமிலியாவோடு இருந்தார்கள்.

1883-இல் வந்த 'லா த்ரிபூனா' நாவலின் நாயகி புகையிலைத் தொழிற்சாலையில் சுருட்டுச் சுற்றும் பெண். ஆ கொருன்யாவில் உண்மையிலேயே ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்த அப்படியொரு தொழிற்சாலை இருந்தது. எமிலியா நேரில் போய் அவர்கள் பேச்சையும் வேலையையும் கவனித்து எழுதினார். தொழிலாளர் வர்க்கப் பெண்ணை மையத்தில் வைத்த ஸ்பானிய நாவல்களில் இது முன்னோடி.

1886-இல் அவருடைய உச்சம் என்று பலரும் சொல்லும் 'லோஸ் பாஸோஸ் தே உய்யோவா' வந்தது. ஹூலியான் என்ற பயந்த சுபாவமுள்ள இளம் பாதிரியார் கலீசிய மலைப்பகுதியில் சிதைந்துகொண்டிருக்கும் ஒரு ஜமீன் மாளிகைக்குப் போகிறார். அங்கே பெயருக்குப் பிரபு ஒருவர், நிஜ அதிகாரமோ காரியஸ்தர் கையில். பிரபுவுக்கு மனைவியாக வரும் நூச்சா பெண் குழந்தை பெற்ற நாளிலிருந்து அவள் கதி என்ன ஆகிறது என்பதை எமிலியா எழுதியிருக்கும் விதம் இன்றைக்கும் படிப்பவரை உலுக்கும். எந்த அறிவுரையும் இல்லாமல் ஒரு வீட்டுக்குள் பெண்ணின் நிலை முழுவதையும் காட்டிவிடுகிறார். 1887-இல் இதன் தொடர்ச்சி வந்தது. அதே ஆண்டு மத்ரித்தின் அத்தெனேயோ அறிவுக் கழகத்தில் ரஷ்ய நாவல் பற்றித் தொடர் சொற்பொழிவு ஆற்றினார்.

ஆக, 1889 தொடங்கும்போது அவருக்கு வயது 37. நாட்டின் முன்னணி நாவலாசிரியர்களில் ஒருவர் என்பதை எதிரிகளும் மறுக்கவில்லை.

## பின்னணி: அகாடமியும் 1853 தீர்மானமும்

அகாடமி 1713-இல் தொடங்கப்பட்டது. அகராதியும் இலக்கணமும் அதன் முக்கிய வேலை. முழு உறுப்பினர் இடங்கள் அப்போது 36. இடம் வாழ்நாள் முழுவதற்கும். ஒருவர் இறந்தால்தான் காலியாகும், அதை நிரப்ப மற்ற உறுப்பினர்களே கூடித் தேர்ந்தெடுப்பார்கள். வெளியிலிருந்து யாரும் விண்ணப்பம் போட்டு உள்ளே போய்விட முடியாது. உள்ளே இருப்பவர்கள் கைதூக்கிவிட வேண்டும்.

பெண்களைச் சேர்க்கக் கூடாது என்று அதன் விதிகளில் எங்கும் எழுதியிருக்கவில்லை. 1784-இல் மரியா இசித்ரா தே குஸ்மான் என்ற பிரபுக் குடும்பத்துப் பதின்வயதுப் பெண்ணை கௌரவ உறுப்பினராக அகாடமியே ஏற்றிருக்கிறது. பிறகு எங்கிருந்து வந்தது தடை? 1853-லிருந்து.

கியூபாவில் பிறந்து ஸ்பெயினில் புகழ்பெற்ற கவிஞர், நாடக ஆசிரியர் ஹெர்த்ரூதிஸ் கோமெஸ் தே அவெய்யானெதா. அடிமை முறைக்கு எதிராக 1841-லேயே நாவல் எழுதியவர். 1853-இல் தன் ஆசானும் நண்பருமான கவிஞர் ஒருவர் இறந்து காலியான இடத்துக்கு அவர் முயன்றார். உறுப்பினர்கள் சிலர் ஆதரிக்கவும் செய்தார்கள். ஆனால் அகாடமி அவரை எடுப்பதா வேண்டாமா என்று வாக்கெடுக்கவில்லை. பெண்கள் முழு உறுப்பினர் ஆகலாமா என்பதைத்தான் முதலில் முடிவு செய்தது. கூடாது என்று பெரும்பான்மை சொன்னது. அதோடு அவருடைய பெயர் தானாக விழுந்துவிட்டது.

என் பார்வையில் முழு விவகாரத்துக்கும் வேர் இந்த வரிசைமுறைதான். ஒரு நபரைப் பற்றிய கேள்வி வந்தபோது, அதை ஒரு வகையினரைப் பற்றிய கேள்வியாக மாற்றி, அதற்கு விடை சொன்னார்கள். நபரைப் பற்றிய விடை அடுத்த காலியிடம் வந்தால் மாறலாம். வகையைப் பற்றிய விடை அப்படியே தங்கிவிடும். அவெய்யானெதா 1873-இல் இறந்தார். தீர்மானம் இருந்தது.

## 1889: முதல் தடவை

அந்த ஆண்டுத் தொடக்கத்தில் பார்தோ பாஸானை அகாடமிக்கு எடுக்கலாம் என்று மத்ரித் பத்திரிகை வட்டாரத்தில் பேச்சு கிளம்பியது. கிளம்பிய வேகத்தில் 'எல் கொர்ரெயோ' என்ற நாளிதழ், அவெய்யானெதா 1853 சமயத்தில் எழுதிய தனிப்பட்ட கடிதங்களை எடுத்து அச்சிட்டது. இடம் பெற அவர் எப்படியெல்லாம் முயன்றார், யாரையெல்லாம் நாடினார் என்று அந்தக் கடிதங்களில் தெரிந்தது. இறந்து பல ஆண்டுகள் ஆன ஒருவருடைய ஏமாற்றத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்து, உயிரோடிருப்பவருக்குச் சொன்ன எச்சரிக்கை அது: உனக்கும் இதே கதிதான்.

எமிலியா முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. நான் எதையும் கேட்கவில்லையே என்று ஒதுங்கிக்கொள்ளலாம். இல்லை, நேராக வாதத்தில் இறங்கலாம். அவர் தேர்ந்த வழி இரண்டுக்கும் இடையே இருந்தது. 'லா எஸ்பான்யா மொதெர்னா' இதழில், இறந்துபோன அவெய்யானெதாவையே விளித்து இரண்டு கடிதங்கள் எழுதி வெளியிட்டார். அகாடமிக்காரர்களிடம் கெஞ்சவும் இல்லை, அவர்களோடு மல்லுக்கட்டவும் இல்லை. அதே கதவில் தட்டி நின்ற மூத்தவரிடம் பேசினார்.

அந்தக் கடிதங்களில் ஒரு வாதம் முக்கியமானது. தான் கேட்பது எழுத்தாளராகத் தன்னைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி அல்ல, தன் எழுத்துக்குத் தானே கடுமையான விமரிசகர் என்கிறார். பெண் என்பதால் ஓர் இலக்கியக் கௌரவத்திலிருந்து விலக்கப்படாமல் இருக்கும் உரிமையைத்தான் நிலைநாட்ட வேண்டும் என்கிறார். 1853-இல் அகாடமி இரண்டு கேள்விகளைக் கலந்தது என்றேன் இல்லையா, அந்த முடிச்சை இவர் சரியாகப் பார்த்துப் பிரித்துவிட்டார். என் புத்தகங்கள் போதாது என்றால் சொல்லுங்கள், ஏற்கிறேன். நான் பெண் என்று சொல்லி அனுப்பாதீர்கள். இதுதான் சாரம்.

அகாடமி பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் அதற்கு இல்லை. 1853 தீர்மானம் நின்றுகொண்டிருந்தது.

இதே 1889-இல் இதே அகாடமியில் நடந்த இன்னொரு சம்பவத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஜனவரியில் கால்தோஸ் ஓர் இடத்துக்குப் போட்டியிட்டுத் தோற்றார். ஜெயித்தவர் ஒரு லத்தீன் பேராசிரியர். நாட்டின் மிகப் பெரிய நாவலாசிரியரை விட்டுவிட்டார்களே என்று பத்திரிகைகளில் கூச்சல் எழுந்தது. ஜூனில் அடுத்த வாய்ப்பு வந்தது, கால்தோஸ் தேர்வானார். தோற்றது அநியாயம்தான். ஆனால் அவருக்குத் தோல்வி என்ற ஒன்று கிடைத்தது. வாக்கில் தோற்றவர் ஆறு மாதத்தில் வாக்கில் ஜெயிக்கலாம். எமிலியாவுக்கு எண்ணுவதற்கு வாக்கே விழவில்லை.

(கால்தோஸுக்கும் எமிலியாவுக்கும் இடையே அந்தக் காலத்தில் காதலும் இருந்தது. எமிலியா எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சில் வந்திருக்கின்றன. அந்தக் கதை இந்த ஆய்வுக்குத் தேவையில்லை. ஆனால் ஒருவருக்கொருவர் எழுத்தை மதித்த இரண்டு பேரில் ஒருவர் மட்டும் உள்ளே போனார் என்பது தேவை.)

## 1891: எடுத்த முடிவு, அதன் காரணம்

1890-இல் அப்பா இறந்தார். வந்த சொத்தைக் கொண்டு எமிலியா 1891 ஜனவரியில் 'நுவேவோ தெயாத்ரோ க்ரீதிகோ' என்ற மாத இதழைத் தொடங்கினார். கதை, விமரிசனம், அரசியல், நூல் மதிப்புரை எல்லாவற்றையும் ஒரே ஆளாக எழுதினார். 1893 கடைசி வரை 30 இதழ்கள் வந்தன. எந்தப் பத்திரிகை ஆசிரியர் தயவும் இல்லாமல் பேச ஒரு மேடை வேண்டும் என்பது 1889 அவருக்குக் கற்றுக்கொடுத்த பாடம் என்றே நான் படிக்கிறேன்.

அந்த இதழின் மார்ச் எண்ணில் ரஃபாயேல் அல்தாமிரா என்ற இளம் அறிஞருக்கு எழுதிய திறந்த கடிதமாக அகாடமிப் பிரச்சினையை மறுபடி எடுத்தார். இதில் இரண்டு முடிவுகள் தெரிகின்றன.

முதலாவது, தன் பெயரை மட்டும் வைத்துப் பேசாமல் கொன்செப்சியோன் அரெனாலை முன்னிறுத்தியது. அரெனால் அப்போது எழுபதைத் தாண்டியவர். இளம் வயதில் மத்ரித்தில் சட்ட வகுப்புகளைக் கேட்க ஆண் உடை போட்டுக்கொண்டு போனவர். 1860 வாக்கில் அறநெறி, அரசியல் அறிவியல் அகாடமி நடத்திய போட்டிக்குத் தன் சின்ன மகன் பெயரில் கட்டுரை அனுப்பிப் பரிசு வாங்கியவர். உறையைப் பிரித்தபோது தகுதிக்குப் பரிசு தந்தாகிவிட்டது, அப்புறம்தான் எழுதியவர் யார் என்று தெரிந்தது. இப்படிப்பட்டவரை முன்வைத்ததும், இது ஒரு நாவலாசிரியையின் பதவி ஆசை என்ற பேச்சுக்கு இடம் குறைந்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தான் போட்டியில் வென்ற ஒருவரையே தனக்கு முன்னால் நிறுத்தினார். இதில் தந்திரமும் இருக்கிறது, நேர்மையான மரியாதையும் இருக்கிறது. இரண்டில் எது அதிகம் என்று பிரிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, தன்னை அகாடமிக்கு நிரந்தர வேட்பாளராக அறிவித்துக்கொண்டது. இதற்கு அவர் காட்டிய உவமை ஸ்பானிய வரலாற்றிலிருந்து வந்தது. மெதினாசேலி பிரபுக் குடும்பத்துக்குப் பழைய அரச வம்சத் தொடர்ச்சி உண்டு. அதனால் ஸ்பெயினின் சிம்மாசனம் காலியாகும் ஒவ்வொரு தடவையும், நியாயமாக இது எங்களுக்கு வர வேண்டியது என்று அவர்கள் ஒரு வழக்குப் போடுவார்களாம். ஜெயிக்க மாட்டோம் என்று அவர்களுக்கும் தெரியும். ஆனால் உரிமையைக் கைவிட்டோம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. பெண்களின் உரிமைக்குத் தன் வேட்பாளர் நிலை அப்படிப்பட்ட ஒன்றாக இருக்கும் என்றார்.

இந்த விவகாரம் முழுவதிலும் மிகச் சிறந்த முடிவு இதுதான் என்று நினைக்கிறேன். கேட்டுக் கிடைக்கவில்லை என்றால் அவமானம், அதனால் கேட்காமல் இருப்பதே கௌரவம் என்ற கணக்கில்தான் இப்படிப்பட்ட நிறுவனங்கள் பிழைக்கின்றன. மறுக்கப்படுவோம் என்று தெரிந்தே, அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டே ஒருவர் கேட்டால், அவமானம் இடம் மாறுகிறது. ஒவ்வொரு காலியிடமும் ஏன் இவர் இல்லை என்ற கேள்வியை எழுப்பும்.

எதிர்வினை உடனே வந்தது. அகாடமி உறுப்பினரும் புகழ்பெற்ற நாவலாசிரியருமான ஹுவான் வலேரா அதே 1891-இல் பெண்களும் அகாடமிகளும் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். சொந்தப் பெயரில் போடவில்லை. பெண்களின் நண்பன் என்று பொருள்படும் ஒரு புனைபெயரில் வந்தது. பெண்களைப் புகழ்ந்துகொண்டே, அவர்களுடைய உயர்வுக்கு அகாடமி ஏற்ற இடமில்லை என்று வாதிட்டது அந்த நூல். க்ளாரினும் எமிலியாவின் அகாடமி எண்ணத்தை ஒரு பைத்தியக்கார ஆசை என்று கேலி செய்து எழுதினார். இயற்கைவாதக் கட்டுரைகள் நூலானபோது முன்னுரை எழுதிக் கொடுத்த அதே க்ளாரின்.

இந்த இருவரும் சாதாரண ஆட்கள் இல்லை. இருவருமே பெண் மனதை நுணுக்கமாக எழுதிய பெரிய நாவல்களுக்குச் சொந்தக்காரர்கள். அவர்கள் நாவல்களை விரும்பிப் படிக்கும் எனக்கு இந்தப் பக்கங்கள் வலிக்கத்தான் செய்கின்றன. நாவலில் ஒரு பெண்ணின் அடைபட்ட வாழ்க்கையைப் புரிந்துகொள்ள முடிந்தவருக்கு, பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் உட்காருவதை ஏற்க முடியவில்லை.

அரெனால் 1893-இல் வீகோ நகரில் காலமானார். எந்த அகாடமியும் அவரை எடுக்கவில்லை.

## இடைப்பட்ட இருபது ஆண்டுகள்

1891-க்குப் பிறகு எமிலியா அகாடமி வாசலிலேயே நின்றுகொண்டிருக்கவில்லை. 1892-இல் மத்ரித் கல்வி மாநாட்டில் பேசியபோது, அப்போது பெண்களுக்குக் கொடுக்கப்பட்டது கல்வி அல்ல, கீழ்ப்படியப் பழக்குவது என்ற கருத்தை நேரடியாக முன்வைத்தார். அதே ஆண்டு 'பெண்ணின் நூலகம்' என்ற வரிசையைத் தொடங்கி, ஜான் ஸ்டுவர்ட் மில் பெண் அடிமைத்தனம் பற்றி எழுதிய நூலை ஸ்பானிய மொழியில் கொண்டுவந்தார். அந்த வரிசைக்கு அவர் எதிர்பார்த்த வாசகர்கள் கிடைக்கவில்லை. கடைசியில் 1913-இல் அதே வரிசையில் சமையல் நூல்களைச் சேர்த்தார். பெண்ணுரிமை நூல்களை யாரும் சீந்தவில்லை என்பதால்தான் இந்த மாற்றம் என்று மனம் கசந்து எழுதியிருக்கிறார்.

மற்ற கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 1905-இல் அத்தெனேயோ அவரை முழு உறுப்பினராக ஏற்றது; 1906-இல் அதன் இலக்கியப் பிரிவுக்குத் தலைவரானார். இரண்டிலும் அவர்தான் முதல் பெண். 1908-இல் மன்னர் பதின்மூன்றாம் அல்ஃபோன்ஸோ அவருக்குச் சொந்த உரிமையில் கோமகள் பட்டம் தந்தார். 1910-இல் அரசின் பொதுக் கல்வி ஆலோசனைக் குழுவில் இடம் கிடைத்தது.

## 1912: மூன்றாம் தடவை

இப்போது அவருக்கு வயது 60. கலீசியாவிலிருந்து ஆதரவு திரண்டது. கலீசிய அகாடமி தொடங்கிய காலத்திலிருந்தே அவரைக் கௌரவத் தலைவராக வைத்திருந்தது. முறையாகக் கோரிக்கை போனது. அவருடைய நூல்களையும் பதவிகளையும் ஆதரவாளர்கள் வரிசையாக எடுத்துச் சொன்னார்கள். ஸ்பெயினில் ஒரு பெண்ணுக்கு அதுவரை கிடைத்திராத கௌரவங்கள் எல்லாம் அந்த வரிசையில் இருந்தன.

அகாடமி பழைய தீர்மானத்தைச் சுட்டிக்காட்டியது: பெண்கள் உறுப்பினர் ஆக முடியாது என்று ஏற்கெனவே முடிவாகியிருக்கிறது.

கிட்டத்தட்ட 60 ஆண்டுகளுக்கு முன்னால், இப்போது உயிரோடில்லாத மனிதர்கள், வேறொரு பெண்ணின் பெயர் வந்தபோது எடுத்த முடிவு அது. 1853-இல் எமிலியாவுக்கு இரண்டு வயதுகூட முழுதாக ஆகியிருக்குமோ என்னவோ. 1889-க்கும் 1912-க்கும் இடையே அவர் எழுதியது, சாதித்தது எதுவும் அந்தப் பதிலின் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. இன்னும் கொஞ்சம் சாதித்துக்கொண்டு வா என்று சொல்பவர்களுக்குக் காட்ட வேண்டிய சான்று இது. 23 ஆண்டுகள் சாதித்துக்கொண்டுதான் வந்தார்.

## அதன் பிறகு

1916-இல் கல்வி அமைச்சர் ஹூலியோ புரெல், மத்ரித் மத்தியப் பல்கலைக்கழகத்தில் நவீன இலக்கியங்களுக்கான பேராசிரியர் பதவியில் அவரை நியமித்தார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். பேராசிரியர் குழு எதிர்த்தது, அமைச்சர் விடவில்லை. ஆனால் நியமன ஆணையால் மாணவர்களை வகுப்பில் உட்கார வைக்க முடியாதே. வகுப்புக்கு வந்தவர்கள் மிகக் குறைவு. பெயர் கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

அதே ஆண்டு ஆ கொருன்யாவில் அவருக்குச் சிலை வைத்தார்கள், அவர் உயிரோடிருக்கும்போதே. 1921 மே 12 அன்று மத்ரித்தில் காலமானார்.

அகாடமியில் முதல் பெண் முழு உறுப்பினராகக் கவிஞர் கார்மென் கோந்தே 1978-இல் தேர்வாகி, 1979 ஜனவரியில் இடத்தை ஏற்றார். தன் ஏற்புரையின் தொடக்கத்திலேயே, தனக்கு முன் இந்த இடம் மறுக்கப்பட்ட பெரிய பெண் எழுத்தாளர்களுக்கு மரியாதை செலுத்தினார். மிகப் பழைய, அநியாயமான ஒரு பாகுபாடு முடிவுக்கு வருகிறது என்று அந்தச் சபைக்குள் நின்றே சொன்னார். அகாடமி தொடங்கி அப்போது 265 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

## எது வேறு மாதிரி நடந்திருக்க வேண்டும்

அகாடமியின் பக்கம் முதலில். 1853-இல் அவெய்யானெதாவின் பெயரை வாக்குக்கு விட்டிருக்க வேண்டும். தோற்கடிக்க நினைத்தவர்கள் தோற்கடித்திருப்பார்கள், சந்தேகமில்லை. ஆனால் அடுத்தவருக்குத் தடை உருவாகியிருக்காது. சரி, அந்தத் தவறு நடந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 1912-இல் குறைந்தபட்சம் அந்தத் தீர்மானத்தை இன்றைய உறுப்பினர்களும் ஏற்கிறார்களா என்று கேட்டு, அவர்களுடைய சொந்தப் பொறுப்பில் புதிதாக முடிவெடுத்திருக்கலாம். முன்னோர் முடிவு என்று சொல்லும்போது யாருக்கும் பொறுப்பில்லாமல் போய்விடுகிறது. ஒருவரை மறுக்கிறவர், மறுப்பது நான்தான் என்று சொல்லும்படியாவது இருக்க வேண்டும். சங்கம், அறக்கட்டளை, விருதுக் குழு என்று உறுப்பினர்களே உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் எந்த அமைப்புக்கும் இது பொருந்தும். தனி ஒருவர் விஷயத்தில் எடுத்த முடிவை நிரந்தர விதியாகத் தூக்கி நிறுத்தினால், அதற்கு ஒரு காலாவதித் தேதியும் வைக்க வேண்டும்.

எமிலியாவின் பக்கம் எனக்கு ஒரே ஒரு மாற்றுக் கருத்து உண்டு. 1889-லும் 1891-லும் அவர் தகுதியையும் தடையையும் பிரித்துக் காட்டினார். 1912-இல் அந்தக் கோடு மங்கிவிட்டது. பட்டங்களையும் பதவிகளையும் அடுக்கியதும், விவாதம் இவர் எவ்வளவு பெரியவர் என்பதற்குத் திரும்பியது. அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லையே. 1891-இல் செய்ததுபோல வேறு பெண்களின் பெயர்களையும் சேர்த்து, தீர்மானத்தை நீக்கச் சொல்வதை மட்டும் கோரிக்கையாக வைத்திருந்தால் அகாடமி பதில் சொல்லியே ஆக வேண்டிய நெருக்கடி கூடியிருக்கும். முடிவு மாறியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 60 வயதில், இத்தனைக்குப் பிறகு, தன் பெயருக்காக ஒருவர் நிற்பதைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

தடையை நீக்கினால் மட்டும் போதுமா என்றால், அதற்கும் அகாடமியின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. 1972-இல் மரியா மொலினெரின் பெயர் முன்மொழியப்பட்டது. நூலகராக வேலை பார்த்துக்கொண்டே, வீட்டில் உட்கார்ந்து பல ஆண்டுகள் தனியாக உழைத்து, ஸ்பானிய மொழிப் பயன்பாட்டு அகராதி ஒன்றை இரண்டு பெரிய தொகுதிகளாக 1966, 1967-இல் கொண்டுவந்தவர். அகராதி செய்வதையே தொழிலாகக் கொண்ட சபைக்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கடினம். இந்தத் தடவை 1853-ஐ யாரும் எடுத்துக் காட்டவில்லை. முறையாக வாக்கெடுப்பு நடந்தது. மொழியியலாளர் எமிலியோ அலார்கோஸ் தேர்வானார், மொலினெர் தோற்றார். அலார்கோஸின் தகுதியிலும் குறை சொல்ல முடியாது. எழுதிய தடையும் எழுதாத பழக்கமும் தனித்தனி நோய்கள், ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து மற்றதைத் தொடுவதில்லை. மொலினெர் 1981-இல் இறந்தார், கோந்தே உள்ளே போய் இரண்டு ஆண்டுகள் கழித்து. அவருக்கு இன்னொரு வாக்கெடுப்பு நடக்கவில்லை.